பதினேழாவது சட்டை

வெர்பா கிராமம்
10 மார்ச் 1974

தம்பி மிகிதாவுக்கு,

உன் அண்ணன் அஸ்தாப் எழுதுவது. உயிரோடு இருக்கிறேன். முழங்கால் வலியைத் தவிர வேறு நோய் இல்லை. நீயும் உன் மனைவியும் மின்ஸ்க்கில் சுகம் என்று நம்புகிறேன். நலம் விசாரித்தாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற புதன்கிழமை உங்கள் அலுவலகத்து ஆட்கள் மூன்று பேர் வந்து, பெரஸ்னா ஆற்றங்கரை நெடுகச் சிவப்பு முளை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆற்றை நேராக்கப் போகிறார்களாம். சதுப்பு நிலத்துத் தண்ணீரையெல்லாம் வடித்து உருளைக்கிழங்கு போடப் போகிறார்களாம். அந்த முளைகள் கருமடுவின் குறுக்கே போகின்றன. வரைபடத்தைக் காட்டச் சொன்னேன். "பெரியவரே, அதெல்லாம் உங்களுக்குப் புரியாது" என்றான் ஒருவன். "அடுப்பெரிக்க வந்த பழைய பேப்பரைப் பார்த்து, முப்பது வயசுல நானே எழுத்துப் படிச்சவன்டா. விரி" என்றேன். விரித்தான். கீழே மூலையில் உன் கையெழுத்து இருந்தது.

கருமடுவில் யார் இருக்கிறாள் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், வரைபடம் போடுகிறவர்களுக்கு எல்லாவற்றையும் எழுத்தில் கொடுக்க வேண்டும் அல்லவா. ஐம்பத்தேழாம் வருடம் ருசால்கா வாரத்தில் என் ஒரே மகள் உலியானா அங்கே துணி அலசப் போனாள். கலியாணம் ஆகாமல் தண்ணீரில் போன பெண்கள் ருசால்காக்களாகி, அந்த ஏழு நாளும் கரைக்கு வந்து ஆளை இழுப்பார்கள். அதனால் அந்த வாரத்தில் ஊரில் ஒருவரும் ஆற்றில் கால் வைப்பதில்லை. அவள் வைத்தாள். அவளுடைய சட்டையும் துணிக்கூடையும்தான் கரையில் கிடந்தன. வாரம் முடிந்த பிறகு கொக்கி போட்டுத் துழாவினோம். ஒன்றும் கிடைக்கவில்லை. அவளுக்கு இருபது வயது.

அன்று காலை எனக்கும் அவளுக்கும் சின்ன வாய்த்தகராறு. என்ன பேசினோம் என்பது இப்போது நினைவில்லை.

என் மகளுக்கு வேறு கல்லறை கிடையாது. அந்த மடுதான். கால்வாயை இருநூறு மீட்டர் கிழக்கே தள்ளிப் போடு.

வழக்கமாகக் கடிதத்தின் முடிவில் தலை தாழ்ந்த வணக்கம் எழுதுவேன். இந்த முறை எழுதவில்லை.

அண்ணன் அஸ்தாப்


மின்ஸ்க்
2 ஏப்ரல் 1974

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

மிகிதாவின் தலை தாழ்ந்த வணக்கம். நாங்கள் நலம். உங்கள் முழங்காலுக்குத் தேய்க்க ஒரு களிம்பு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். படகுக்காரி தெக்லா நன்றாக இருக்கிறாரா? அவருக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கால்வாய் விஷயம். அது மூன்று வட்டாரங்களுக்கான திட்டம். என் கையெழுத்துக்கு மேலே ஒன்பது கையெழுத்துகள் இருக்கின்றன. இருநூறு மீட்டர் அல்ல, இரண்டு மீட்டர்கூட என்னால் நகர்த்த முடியாது.

அண்ணா, இத்தனை வருடம் கழித்து அந்த மடுவில் ஒன்றும் இருக்காது. தயவுசெய்து எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் எங்களோடு வந்து இருங்கள். பூங்காவைப் பார்த்த அறையை உங்களுக்காக ஒழித்து வைக்கிறோம். இயந்திரங்கள் வரும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டாம். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் தம்பி மிகிதா


வெர்பா
20 ஏப்ரல் 1974

மிகிதாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். களிம்பு நாறுகிறது. வண்டிக் குதிரையின் காலுக்குத் தேய்த்தேன், அதற்கும் பிடிக்கவில்லை.

மடுவில் ஒன்றும் இருக்காது என்று எழுதியிருக்கிறாய். நீ படித்தவன். உங்கள் அலுவலகம் அச்சடித்த சின்னப் புத்தகத்தை நானும் படித்தேன், இரண்டு முறை. தண்ணீரை வடித்தால் மேல்மண் காய்ந்து தூளாகிப் பத்து வருடத்தில் காற்றோடு போய்விடும் என்பது அதில் எந்தப் பக்கத்திலும் இல்லை. இந்தச் சேற்றில் எழுபத்தோரு வருடம் நின்ற எனக்குத் தெரிகிறது. அந்தப் புத்தகத்தை நம்புகிற நீ, என் கண்ணை நம்ப மாட்டாய்.

என் கண் பார்த்தது இது. ஐம்பத்தெட்டிலிருந்து ஒவ்வொரு வருடமும் ருசால்கா வாரத்தில், மடுவின் கரையிலிருக்கும் பிர்ச் மரத்தில் ஒரு புதுச் சட்டையைத் தொங்கவிடுகிறேன். தண்ணீரில் இருப்பவளுக்கு உடுத்த ஒன்றும் கிடையாது, அதற்காக. ஒவ்வொரு வருடமும் மறுநாள் காலையில் சட்டை இருக்காது. கிளை முறிந்திருக்காது, நூல்கூடச் சிக்கியிருக்காது. கையால் எடுத்தது போல எடுத்திருப்பாள். மற்ற வீட்டுச் சட்டைகள் மழையில் நைந்து மரத்திலேயே தொங்கும். என் மகள் மட்டும் வந்து எடுத்துக்கொள்கிறாள்.

உன் அண்ணி தோம்னா உயிரோடிருந்தவரை அவள்தான் ஆளி நாரை நூற்று நெய்து தைத்தாள். அறுபத்தொன்றில் சட்டையை இரண்டு விரல் அகலமாக வெட்டினாள். "எதுக்கு?" என்று கேட்டேன். "அங்க மட்டும் பொண்ணுங்க அப்படியேவா இருப்பாங்க" என்றாள். அந்த வருடம் கையளவு குழந்தைச் சட்டை ஒன்றையும் சேர்த்துக் கட்டினாள். ஞானஸ்நானம் ஆகாமல் செத்த குழந்தைகளும் அங்கேதானே இருக்கின்றன, ஏதாவது ஒன்றுக்கு ஆகட்டும் என்றாள். அதையும் உலியானா எடுத்துக்கொண்டாள். தோம்னா போய் ஆறு வருடம் ஆகிறது. இப்போது நானே தைக்கிறேன்.

நேற்று தெக்லாவிடம் போனேன். படகில் உட்கார்ந்து மீனுக்குச் செதிள் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"ஆத்தைத் திருப்பிட்டா படகை எங்கடி ஓட்டுவ, உருளைக்கிழங்கு மேலயா?"

"நீ வேணா ஆத்துக்கடியில ஆட்சி பண்ற தண்ணித் தாத்தாவுக்கு ஒரு மனு எழுதிப் போடு. உனக்குத்தான் எழுத வருமே."

"எம்பொண்ணு அங்க இருக்காடி."

கத்தியைக் கீழே வைத்தாள். "அஸ்தாப், அங்க யாருமே இல்லேன்னு வச்சுக்க. அப்ப என்ன பண்ணுவ?"

"யாருமில்லேன்னா சட்டையை எவ எடுக்கறா?"

கத்தியை எடுத்து மறுபடி செதிள் சுரண்டத் தொடங்கினாள். உனக்கும் இதற்குப் பதில் தெரியாது. பூங்காவைப் பார்த்த அறையில் நீயே படுத்துக்கொள்.

அஸ்தாப்


மின்ஸ்க்
15 மே 1974

அண்ணனுக்கு வணக்கம். நலம், நலமறிய ஆவல்.

என்னால் முடிந்தது ஒன்றே ஒன்று. ஜூன் பத்தாம் தேதிவரை வெர்பாவில் வேலையைத் தொடங்கக் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறேன். இந்த வருட ருசால்கா வாரம் அமைதியாக நடக்கட்டும். காரணம் கேட்டார்கள், மண் ஈரம் என்று சொன்னேன்.

அதன் பிறகாவது இங்கே வாருங்கள். நேரில் பேச வேண்டியது இருக்கிறது. கடிதத்தில் எழுத முடியாது.

மிகிதா


வெர்பா
11 ஜூன் 1974

மிகிதாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். உன் பத்தாம் தேதி முடிந்துவிட்டது, இயந்திரம் வந்துவிட்டது. அதைப் பற்றி எழுதவில்லை இப்போது.

சட்டையை அவள் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை கட்டினேன். செவ்வாய்க்கிழமை இருந்தது. ஏழு நாளும் இருந்தது. பதினேழு சட்டையில் இதுதான் முதல் முறை. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஒரு பெண்ணுக்குப் பச்சைத் தழை சுற்றி, பாட்டுப் பாடி, ருசால்காவை ரை தானிய வயலுக்கு அனுப்பிவைத்தார்கள். நான் போகவில்லை. மரத்தடியில் நின்றேன். பின்னால் ஒருத்தி சொன்னாள், "உந்தம்பி கரையெல்லாம் முளை அடிச்சு வச்சிருக்கான், எந்தப் பொண்ணு மேல வருவா?" அவள் சொன்னது சரி.

தெக்லாவிடம் சொல்லி ஆத்திரத்தைத் தீர்க்கலாம் என்றால் அவளும் இல்லை. மே கடைசியில் படகுத்துறையில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டு வட்டார ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

சட்டை என் மேசைமேல் இருக்கிறது. ஐம்பத்தேழில் நான் தண்ணீரில் இறங்கவில்லை. கூட்டுப் பண்ணையின் குழுத் தலைவன் நான். சாமி, பேய் எல்லாம் கிடையாது என்று கூட்டம் போட்டுப் பேசியவன். ஊர் சொன்னது என்று ஏழு நாள் கரையில் நின்றேன். இந்த முறை இறங்குவேன். நீங்கள் தண்ணீரை வடித்த மறுநிமிடம் இறங்கி அவள் எலும்பை எடுத்து, தாய் பக்கத்தில் வைப்பேன்.

அஸ்தாப்


வெர்பா
2 ஜூலை 1974

மிகிதா,

நீ பதில் எழுதவில்லை. நானும் காத்திருக்கவில்லை.

கருமடு வடிந்துவிட்டது. இத்தனை வருடம் நாங்கள் பயந்துகொண்டிருந்த இடம் இரண்டு ஆள் ஆழம்தான். ஒன்பது நாளாக இறங்கித் தோண்டுகிறேன். சேற்றை வாளியில் அள்ளி, மணல் சலிக்கும் சல்லடையில் கொட்டி, தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பார்க்கிறேன். கழுத்தில் பித்தளைச் சிலுவை போட்டிருந்தாள். எலும்பு கரைந்திருந்தாலும் பித்தளை கரையாது.

கிடைத்தது மூன்று குதிரை மண்டையோடு. ஆற்றுத் தண்ணீரில் மாவு அரைத்த பழைய ஆலைக்காரன் தண்ணீர்த் தாத்தாவுக்குக் கொடுத்த காணிக்கை. மதகு உடையாமல் இருக்க வருடத்துக்கு ஒன்று போடுவானாம். குதிரைத் தலை நாற்பது வருடம் கிடக்கிறது, பல்கூட விழவில்லை. என் மகள் பதினேழு வருடத்தில் எங்கே போவாள்?

கரையில் ஊரே நிற்கிறது. "அஸ்தாப், தண்ணித் தாத்தா ஆப்பிட்டாரா?" என்று கேட்கிறார்கள். "அவரு மின்ஸ்க்குப் போயிட்டாரு. அங்கதான் இப்ப ஆத்துக்கெல்லாம் கையெழுத்துப் போடறாங்க" என்றேன். இயந்திரக்காரன் நல்லவன். "தாத்தா, ஏறி வாங்க. உள்ள இழுத்துடும், அப்புறம் உங்களையும் சேர்த்துத்தான் நான் அள்ளணும்" என்றான். "அள்ளிக்கோ. எம்பொண்ணு வர்ற வாளியில நானும் வர்றேன்" என்றேன். அவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டான்.

இருமல் வந்திருக்கிறது. நேற்று சளியில் கொஞ்சம் இரத்தம். மருத்துவ உதவியாளர் வந்து சேற்றில் இறங்கக் கூடாது என்றார். உறைபனி வரும்வரை தோண்டுவேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உனக்கும் அதையே சொல்கிறேன்.

அஸ்தாப்


மின்ஸ்க்
9 ஜூலை 1974

அண்ணா,

மண்வெட்டியைக் கீழே வையுங்கள். இதை வாசிப்பதற்கு முன் உட்காருங்கள்.

மடுவில் உலியானா இல்லை. எப்போதும் இருந்ததில்லை. அவள் உயிரோடு இருக்கிறாள். மூர்மன்ஸ்க்கில், மீன் பதனிடும் ஆலையில் மேற்பார்வையாளர். கணவன் கப்பலில் மின் வேலை பார்க்கிறார். பதின்மூன்று வயதில் ஒரு மகள்.

அன்று சட்டையைக் கரையில் போட்டுவிட்டு, தெக்லாவின் படகில் கோரைக் கட்டுகளுக்கு அடியில் படுத்துக்கொண்டு போனாள். வேண்டுமென்றேதான் அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம். ஆற்றங்கரையில் யாரும் இருக்க மாட்டார்கள், ஏழு நாளைக்கு யாரும் தேட மாட்டார்கள். ரயில் நிலையத்தில் நான் காத்திருந்தேன். செத்துப்போன வேறொரு பெண்ணின் பிறப்புச் சான்றை வாங்கி வைத்திருந்தேன். அது வெளியே தெரிந்திருந்தால் அவளும் சிறைக்குப் போயிருப்பாள், நானும் போயிருப்பேன். முதல் சில வருடம் அந்தப் பயத்தில் சொல்லவில்லை. அப்புறம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொல்லவில்லை.

சட்டைகளை எடுத்தது தெக்லா. பதினாறையும் பொட்டலம் கட்டி அவளுக்கு அனுப்பினார். இந்த வருடம் கால் முறிந்துவிட்டது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அண்ணிக்குத் தெரியும். முதல் குளிர்காலத்திலேயே தெக்லா சொல்லிவிட்டார். உங்களிடம் சொல்லலாமா என்று நான் இரண்டு முறை எழுதிக் கேட்டேன். அண்ணி சொன்னதைத் தெக்லா அப்படியே எழுதி அனுப்பினார்: "அன்னிக்குக் காலைல பொண்ணைப் பார்த்து என்ன சொன்னார்னு அவர் வாயாலேயே எங்கிட்ட சொல்லட்டும். அன்னிக்கே நான் சொல்லிடறேன்." பதினொரு வருடம் காத்திருந்தார். நீங்கள் சொல்லவில்லை.

நினைவில்லை என்று மார்ச்சில் எழுதியிருந்தீர்கள். உலியானாவுக்கு நினைவிருக்கிறது. கூட்டுப் பண்ணையை விட்டு வெளியே போகக் குழுத் தலைவர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். அதைக் கேட்டாள். நீங்கள் கிழித்தீர்கள். நீங்கள் சொன்ன வார்த்தையை நான் எழுத மாட்டேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். சேற்றிலிருந்து மட்டும் வெளியே வாருங்கள்.

மிகிதா


வெர்பா
16 ஜூலை 1974

கடிதம் கிடைத்தது. வெளியே வந்துவிட்டேன்.

பதினாறு முறை அந்த மரத்தடியில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றேன். மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

எனக்குத் தம்பி இல்லை. களிம்பு அனுப்பாதே.

அஸ்தாப் ஹலுபோவிச்


மூர்மன்ஸ்க்
18 ஆகஸ்ட் 1974

அப்பாவுக்கு,

உங்கள் இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்கிறேன். நான் நலம்.

சித்தப்பா எல்லாவற்றையும் எழுதினார். மன்னிப்புக் கேட்டு ஏழு கடிதம் எழுதிக் கிழித்தேன். எட்டாவதில் கேட்கப் போவதில்லை. நான் போயிருக்காவிட்டால் அந்த வீட்டில் ஏதாவது ஒரு நாள் உண்மையாகவே மடுவில் குதித்திருப்பேன். ஆனால் நீங்கள் சேற்றைச் சல்லடையில் சலித்தீர்கள் என்று படித்தபோது, ஆலையில் எல்லோர் முன்னாலும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு உங்கள்மேல் கோபம் போகவில்லை அப்பா. என்மேலும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பதினாறு சட்டையும் என்னிடம் இருக்கின்றன. அறுபத்தெட்டாம் வருடச் சட்டையைப் பிரித்தபோது தையல் மாறியிருந்தது. நூலை இழுத்து இழுத்துக் கட்டியதில் துணி சுருங்கியிருந்தது. ஒரு கை மற்றதைவிட நீளம். அம்மா இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. சித்தப்பாவின் கடிதம் மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது. அடக்கத்துக்கு நான் வரவில்லை. செத்தவள் எப்படி வருவது?

அந்தக் கோணல் சட்டைகளைத்தான் அதிகமாகப் போட்டுக்கொள்கிறேன். என் மகள் ரீதா, "இதை யாரும்மா தச்சாங்க, கண்ணை மூடிக்கிட்டா?" என்று கேட்பாள். தண்ணீர்த் தாத்தா என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் வரலாமா? ஒரு வரியில் பதில் போதும்.

உலியானா


வெர்பா
6 அக்டோபர் 1974

உலியானாவுக்கு,

உன் அப்பன் அஸ்தாப் எழுதுவது. உயிரோடு இருக்கிறேன். இருமல் குறைந்துவிட்டது. நீயும் உன் குடும்பமும் நலமாக இருக்க வேண்டும்.

ஒரு வரி கேட்டாய். ஏழு வாரம் ஆகிவிட்டது எனக்கு.

உன் சித்தப்பனை மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதில்லை. தெக்லாவோடு பேசுவதில்லை. கால் உடைந்தவளுக்கு விறகு பிளக்க ஆளில்லை என்பதால் நான் போய்ப் பிளந்து போடுகிறேன், பேசாமல். அவள் சன்னலிலிருந்து, "சின்னதா பொளடா, அடுப்புக்குத்தான், கோயிலுக்கு இல்ல" என்கிறாள். அதற்கும் பதில் சொல்வதில்லை. உன் தாயின் கல்லறைக்கு ஞாயிறுதோறும் போகிறவன், இந்தக் கோடையில் எட்டு ஞாயிறு போகவில்லை. ஒன்பதாவது ஞாயிறு போனேன். ஒரு வார்த்தைக்காகப் பதினொரு வருடம் என் பக்கத்தில் படுத்திருந்தவள் அவள். அவளிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று போய்ச் சொன்னேன். இனி உன்னிடம்.

நினைவில்லை என்று எழுதினேன். பொய். ஒவ்வொரு நாளும் நினைவிருந்தது. நீ சீட்டை நீட்டினாய். நான் கிழித்து அடுப்பில் போட்டேன். "சாகணும்னா ஆத்துல போய்ச் சாவு, கையெழுத்து மட்டும் போட மாட்டேன்" என்றேன். நீ போனாய். நான் சொல்லித்தான் போனாய் என்று பதினேழு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டை அதற்குத்தான் தைத்தேன். உனக்குக் குளிரும் என்று இல்லை. பொய் சொல்கிறேன், அதற்கும்தான்.

இப்போது பெரஸ்னா கோடு போட்டது போல ஓடுகிறது. பிர்ச் மரத்தை இயந்திரம் சாய்த்துவிட்டது. சட்டை தொங்கவிட இடமில்லை. அதனால் பதினேழாவது சட்டையைத் தபாலிலேயே அனுப்புகிறேன். கை இரண்டும் ஒரே நீளம்தான், அளந்து பார்த்துவிட்டேன். ரீதாவின் அளவை எழுது. கண்ணைத் திறந்துகொண்டே தைக்கிறேன்.

உன்மேல் கோபம் இருக்கிறது. அது இருக்கட்டும், நீ வந்தால் திட்டுவதற்கு வேண்டும். ருசால்கா வாரத்தில் மட்டும் வராதே. ஊர்க்கிழவிகள் உன்னைப் பார்த்து ஓடி ஆளுக்கொரு காலை உடைத்துக்கொள்வார்கள், எல்லோருக்கும் விறகு பிளக்க என்னால் முடியாது.

வரலாமா என்று கேட்டிருந்தாய். ஊரை விட்டுப் போவதற்குத்தான் குழுத் தலைவன் கையெழுத்து வேண்டும். வருவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. உனக்குத் தர வேண்டிய கையெழுத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

தலை தாழ்ந்த வணக்கத்துடன்,
அப்பா


அனுமதிச் சீட்டு

வெர்பா கூட்டுப் பண்ணை, இரண்டாம் குழு. எங்கள் குழுவைச் சேர்ந்த உலியானா ஹலுபோவிச், வயது இருபது, வேலையின் பொருட்டு வெளியூர் செல்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

12 ஜூன் 1957
அஸ்தாப் ஹலுபோவிச்
குழுத் தலைவர்